முழம் முதல் ஃபெர்மி வரை: பழைய நீள அலகுகளை அணுவுக்குள் உள்ள அலகுகளாக மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக விளையாட்டாக ஒரு மாற்று அட்டவணை போட்டேன். இடப்பக்கம் விரல், சாண், முழம், எகிப்திய அரச முழம், கிரேக்க ஸ்டேடியன். வலப்பக்கம் ஆங்ஸ்ட்ராம், ஃபெர்மி, போர் ஆரம். பார்த்தவர்கள் சும்மா போகவில்லை, நின்று கேள்வி கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

இந்த மாற்றம் யாருக்குப் பயன்படும்?

நேரடியாக யாருக்கும் பயன்படாது. புரோட்டானை முழத்தில் சொல்லும் இயற்பியலாளர் இல்லை, பூவை ஃபெர்மியில் விற்கும் பூக்காரரும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது ஒரு விஷயம் பிடிபடும். பத்தின் மடிகளைக் கூட்டிக் கழிப்பது சுலபம். அதற்கு முன்னால், "முழம் என்றால் எந்த முழம்?", "புரோட்டானின் அளவு என்றால் எதன் அளவு?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. சிக்கல் எல்லாம் அந்த இரண்டு கேள்வியில்தான். இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அணு அளவிலும் அதற்குக் கீழேயும் எந்தெந்த அலகுகள் இருக்கின்றன?

முதலில் ஆங்ஸ்ட்ராம். சுவீடன் நாட்டு ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம் 1868ல் சூரிய நிறமாலையின் அலைநீளங்களை மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்காகக் குறித்தார். அந்தப் பங்குதான் பிறகு அவர் பெயரை வாங்கிக்கொண்டது. ஒரு மீட்டரில் 1000 கோடி ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒன்று 10⁻¹⁰ மீட்டர். அணுக்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று, நான்கு ஆங்ஸ்ட்ராம் குறுக்களவுக்குள் அடங்கும்.

அடுத்தது ஃபெர்மி. 10⁻¹⁵ மீட்டர். அணுக்கருவுக்கு ஏற்ற அலகு இதுதான். எலக்ட்ரான்களை அணுக்கருவின் மேல் மோதவிட்டு அதன் அளவைக் கண்ட ராபர்ட் ஹாஃப்ஸ்டேடர் 1956ல் என்ரிகோ ஃபெர்மியின் பெயரை இதற்கு வைத்தார். ஹாஃப்ஸ்டேடருக்கே 1961ல் நோபல் பரிசு கிடைத்தது. 1964ல் 'ஃபெம்டோ' என்ற முன்னொட்டு அதிகாரபூர்வமாக வந்ததும் ஃபெம்டோமீட்டர் என்ற பெயரும் சேர்ந்தது. இரண்டும் ஒரே நீளம், சுருக்கக் குறியும் ஒன்றே, எனவே மாற்றவே வேண்டாம். டேனிஷ் மொழியில் பதினைந்துக்கு 'ஃபெம்டன்' என்று பெயர், அதிலிருந்துதான் ஃபெம்டோ. பத்தின் மைனஸ் பதினைந்தாம் மடி என்பது பெயரிலேயே இருக்கிறது.

நம் எண்ணும் முறைக்கு இங்கே ஒரு வசதி: ஒரு ஆங்ஸ்ட்ராமில் சரியாக ஒரு லட்சம் ஃபெர்மி.

போர் ஆரம் என்பது ஹைட்ரஜன் அணுவுக்குரிய இயற்கை அளவுகோல், 0.529177 ஆங்ஸ்ட்ராம். செவ்வியல் எலக்ட்ரான் ஆரம் 2.818 ஃபெர்மி. இது உண்மையில் எலக்ட்ரானின் அளவு இல்லை. மின்னூட்டத்தையும் நிறையையும் வைத்துப் போட்ட கணக்கில் விழும் நீளம், அவ்வளவுதான். பெயரை நம்பி ஏமாற வேண்டாம்.

பழைய அலகுகளில் எதை நம்பி மீட்டராக மாற்றலாம்?

கோல் கையில் கிடைத்தவற்றை நம்பலாம். அந்த வகையில் எகிப்திய அரச முழத்துக்கு இணை இல்லை. ஒரு அரச முழம் 7 உள்ளங்கை அகலம், ஒரு உள்ளங்கை 4 விரல், ஆக 28 விரல். அளவுகோல்களே கிடைத்திருக்கின்றன. துட்டன்காமனின் கருவூல அதிகாரி மாயாவின் மரக்கோல் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டடங்களும் சாட்சி சொல்கின்றன. கீசா பெரிய பிரமிடின் அடிப்பக்கம் 440 முழம், உயரம் 280 முழம் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். அடிப்பக்கம் சுமார் 230.4 மீட்டர். 440ஆல் வகுத்தால் 52.36 செ.மீ. வருகிறது. 1880களில் அங்கே போய் மாதக்கணக்கில் அளந்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, உள்ளே இருக்கும் அரசர் அறையை வைத்து 20.62 அங்குலம் என்று சொன்னார். அது 52.37 செ.மீ. கோல்களைத் தனித்தனியாக எடுத்தால் 52.3 முதல் 52.5, சில சமயம் கொஞ்சம் கூடுதலாகவும் நிற்கும்.

ரோமானிய அடி 29.6 செ.மீ. அளவில். அதில் 16 விரல்.

கிரேக்க ஸ்டேடியன் 600 அடி. ஆனால் யாருடைய அடி? ஒலிம்பியா ஓட்டக்களம் 192.27 மீட்டர், தெல்ஃபியில் 177 மீட்டர் அளவில். இரண்டுமே 600 அடிதான்! அதனால் ஸ்டேடியனை மாற்றும்போது ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

சிந்துவெளியில் லோத்தலில் கிடைத்த தந்த அளவுகோல் தனி ரகம். 46 மி.மீ. நீளத்துக்குள் 27 கோடுகள், கோட்டுக்குக் கோடு சுமார் 1.7 மி.மீ. உடைந்த துண்டுதான், ஆனாலும் வெண்கலக் காலத்தில் கிடைத்தவற்றில் இவ்வளவு நெருக்கமாகக் கோடு போட்டது அரிது. எகிப்திய முழக்கோல்களில் முதல் விரலை இரண்டாக, அடுத்ததை மூன்றாக என்று போய் ஒரு விரலைப் பதினாறாகவும் பிரித்திருக்கிறார்கள். அது 1.2 மி.மீ. அளவு. கையால் கீறி, கண்ணால் பார்த்து அளக்க முடிந்த எல்லை அங்கேதான் நின்றது. இந்த 1 மி.மீ. எல்லையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தமிழ் முழத்தை எவ்வளவு என்று வைத்தீர்கள்?

12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். விரலுக்கு 1.9 செ.மீ. வைத்தேன். முழம் 45.6 செ.மீ. ஆகிறது. இது என் தேர்வு. 1.76 என்று வைப்பவர்களும் உண்டு. எகிப்திய விரல் 1.87, ரோமானிய விரல் 1.85. எல்லோருக்கும் கை ஒன்றுபோல் இருப்பதால் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இதைப் பார்த்துவிட்டு "இங்கிருந்து அங்கே போனது" என்று யாராவது கட்டுரை எழுதினால் நான் முதலில் என் விரலைத்தான் பார்ப்பேன்.

பூக்கடை முழம் வேறு கதை. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை என்பது இலக்கணம். விற்பவரின் கை எங்கே மடங்குகிறது என்பது நடைமுறை.

சிற்ப நூல் வழக்கில் அங்குலமே மூன்று வகை. தானியத்தை வைத்துச் சொல்லும் மானாங்குலம் ஒன்று. கட்டுவிப்பவரின் நடுவிரல் கணுவை வைத்துச் சொல்லும் மாத்திராங்குலம் ஒன்று. சிலையின் உயரத்தையே சம பங்குகளாகப் பிரித்து எடுக்கும் தேகாங்குலம் ஒன்று. மூன்றாவதை மீட்டருக்கு மாற்ற யாராலும் முடியாது. சிலைக்குச் சிலை அது மாறும். அது விகிதமே தவிர நீளம் இல்லை. இணையத்தில் பல மாற்றுக் கருவிகள் இந்த மூன்றையும் ஒரே எண்ணில் அடைத்துவிடுகின்றன.

சரி, ஒரு முழத்தில் எத்தனை ஃபெர்மி? கணக்கை எப்படிப் போடுவது?

நேராகப் போகாதீர்கள். நடுவில் மீட்டரில் ஒரு முறை இறங்கி ஏறுங்கள்.

முழம் = 0.456 மீட்டர். ஒரு மீட்டரில் 10¹⁵ ஃபெர்மி. ஆக 4.56 × 10¹⁴ ஃபெர்மி. வாயால் சொன்னால் 4 கோடியே 56 லட்சம் கோடி.

எகிப்திய அரச முழத்துக்கு 5.236 × 10¹⁴. கோடி கோடி என்பது 10¹⁴ என்பதால், 'ஐந்தேகால் கோடி கோடி ஃபெர்மி' என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் இதற்கு ஐந்நூறு டிரில்லியன் என்று சுற்ற வேண்டும். நமக்குச் சுலபம்.

எதிர்த்திசையில் புரோட்டானின் குறுக்களவு 1.68 ஃபெர்மி. அரச முழத்தில் அது 3.2 × 10⁻¹⁵ பங்கு. ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவைப் போர் ஆரத்தின் இரு மடங்கு என்று வைத்தால் 1.06 ஆங்ஸ்ட்ராம். அரச முழம் ஒன்றில் வரிசையாக வைத்தால் சுமார் 495 கோடி அணுக்கள் பிடிக்கும்.

ஒலிம்பியா ஸ்டேடியன் 3.63 × 10¹² போர் ஆரம்.

தவறு பெரும்பாலும் நடப்பது ஆங்ஸ்ட்ராமுக்கும் நானோமீட்டருக்கும் நடுவில். ஒரு நானோமீட்டர் பத்து ஆங்ஸ்ட்ராம். நானே முதல் அட்டவணையில் இதைத் தலைகீழாகப் போட்டு, அணுக்களை நூறு மடங்கு பெருக்க வைத்துவிட்டேன். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் கண்டுபிடித்தான்.

கணிப்பொறித் தாளில் போட்டால் 523600000000000 என்று முழு எண் வருகிறது. நீங்கள் ஏன் நான்கு இலக்கத்தோடு நிறுத்துகிறீர்கள்?

அந்தப் பதினொரு சுழியும் நமக்குத் தெரிந்த விவரம் இல்லை, தெரியாததை மூடி வைத்திருக்கும் மூடி. அரச முழம் 52.3 ஆகவும் இருக்கலாம், 52.5 ஆகவும் இருக்கலாம். அந்த 2 மி.மீ. வித்தியாசமே 2 × 10¹² ஃபெர்மி, அதாவது இரண்டு லட்சம் கோடி. அதற்குப் பிறகு வரும் இலக்கங்களை எழுதுவது, ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டவருக்குக் கிலோமீட்டரோடு மில்லிமீட்டரையும் சேர்த்துச் சொல்வது மாதிரி.

தாளில் அந்தக் கட்டத்தை 'சயன்டிஃபிக்' வடிவத்துக்கு மாற்றி, இரண்டு அல்லது மூன்று தசம இடம் வையுங்கள். தமிழ் முழத்துக்கு இரண்டு இலக்கமே அதிகம் என்பேன்.

பழையது தெளிவில்லை, சரி. நவீன அலகுகளாவது துல்லியம்தானே?

அலகு துல்லியம். ஃபெர்மி என்பது மீட்டரின் பங்கு. மீட்டரை 1983 முதல் ஒளியின் வேகத்தை வைத்து வரையறுக்கிறோம். அதில் குறை சொல்ல இடமில்லை. போர் ஆரமும் பத்து இலக்கம் வரை தெரியும்.

அளக்கப்படும் பொருள்தான் பிடிகொடுக்காது. புரோட்டானுக்கு ஓரம் கிடையாது. மின்னூட்டம் நடுவில் அடர்ந்து வெளியே போகப்போக மெலிகிறது. அந்தப் பரவலிலிருந்து ஒரு சராசரியைக் கணக்கிட்டு 'மின்னூட்ட ஆரம்' என்கிறார்கள். 2010க்கு முன்பு பரிந்துரைக்கப்பட்ட மதிப்பு 0.877 ஃபெர்மி அளவில் இருந்தது. அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில், எலக்ட்ரானுக்குப் பதில் அதைவிட 207 மடங்கு கனமான மியூவான் சுற்றும் ஹைட்ரஜனை வைத்து அளந்தார்கள். மியூவான் புரோட்டானுக்கு மிக நெருக்கமாகச் சுற்றுவதால் அதன் அளவை நன்றாக உணரும். 0.842 வந்தது. நான்கு சதவீதம் குறைவு! பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2018ன் பரிந்துரை மதிப்பு 0.8414 ஃபெர்மி என்று இறங்கியது. முன்பின் 0.0019.

அந்த 0.0019 எவ்வளவு என்று பார்த்தால் ஏறத்தாழ 0.2 சதவீதம். மூன்று, நான்காயிரம் ஆண்டுக்கு முந்தைய எகிப்திய முழத்திலும் நமக்கு இருக்கும் ஐயம் ஏறத்தாழ 0.2 சதவீதம்தான். தற்செயல்தான், ஆனாலும் அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த வரி இது.

நவீன அலகும் கோணிய கதை ஒன்று உண்டு. எக்ஸ்-கதிர் ஆராய்ச்சியில் மான்னெ சீக்பான் கொண்டுவந்த 'எக்ஸ் அலகு', 10⁻¹³ மீட்டராக இருக்கும் என்று எண்ணிக் கால்சைட் படிகத்தை வைத்து நிர்ணயித்தது. பிறகு பார்த்தால் 1.002 × 10⁻¹³. ஆயிரத்தில் இரண்டு பங்கு பிசகு. அதனால் 1940களுக்கு முந்தைய படிகவியல் கட்டுரைகளில் 'ஆங்ஸ்ட்ராம்' என்று போட்டிருந்தாலும், பல இடங்களில் அது ஆயிரம் எக்ஸ் அலகையே குறிக்கும். இதுவும் 0.2 சதவீதம்தான், பாருங்கள்.

சிலப்பதிகாரத்திலேயே அணு என்ற நீள அலகு இருக்கிறதாமே? அதை நேராக மாற்ற முடியாதா?

முடியும், மாற்றிப் பார்க்கத்தான் வேண்டும். அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவு வருகிறது. 24 விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அந்த விரலை விளக்க வந்த உரை ஒரு ஏணியைத் தருகிறது: எட்டு அணு ஒரு தேர்த்துகள், எட்டுத் தேர்த்துகள் ஒரு இம்மி, எட்டு இம்மி ஒரு எள், எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு பெருவிரல். தேர் ஓடும்போது எழும் தூசிதான் தேர்த்துகள். அர்த்தசாஸ்திரத்திலும் இதே கட்டுமானம்தான். பரமாணு, தேர்ச்சக்கரத் தூசி, ஈர், பேன், யவம், அங்குலம். அதிலும் ஐந்து படி, படிக்கு எட்டு.

ஐந்து முறை எட்டு என்றால் 32,768. விரலை 1.9 செ.மீ. என்று வைத்து இறங்குவோம்:

நெல் 2.4 மி.மீ.
எள் 0.3 மி.மீ.
இம்மி 0.037 மி.மீ.
தேர்த்துகள் 0.0046 மி.மீ.
அணு 0.00058 மி.மீ.

கடைசி எண் 580 நானோமீட்டர். மஞ்சள் ஒளியின் அலைநீளம் அது. நடுத்தர பாக்டீரியாவில் பாதி. ஹைட்ரஜன் அணுக்களை வரிசையாக வைத்தால் அதற்குள் ஐயாயிரத்துக்கு மேல் பிடிக்கும். உரை சொல்வது பெருவிரல் என்பதால் விரலின் அளவைக் கொஞ்சம் கூட்டினாலும், கதை மாறாது.

எனவே உரையில் வரும் அணுவும் வேதியியல் பாடத்தில் வரும் அணுவும் வேறு வேறு. பெயர் ஒன்று. நாம் 'ஆட்டம்' என்ற சொல்லுக்கு நம்மிடம் ஏற்கெனவே இருந்த 'அணு'வைக் கொடுத்தோம். அவ்வளவுதான் உறவு.

வாட்ஸ்அப்பில் 'கோண், நுண்ணணு, அணு, கதிர்த்துகள், துசும்பு...' என்று ஒரு பட்டியல் வருகிறதே? அதில் கோண் அணுவைவிடச் சின்னதாயிற்றே?

அந்தப் பட்டியலில் அணுவிலிருந்து விரல்வரை எட்டுப் படி: கதிர்த்துகள், துசும்பு, மயிர்நுனி, நுண்மணல், சிறுகடுகு, எள், நெல், விரல். எட்டை எட்டு முறை பெருக்கினால் 1,67,77,216. இந்தக் கணக்கில் அணு 1.1 நானோமீட்டர். அதில் பத்தில் ஒன்று நுண்ணணு, 1.1 ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவு 1.06 ஆங்ஸ்ட்ராம்! இங்கேதான் எல்லோரும் துள்ளிக் குதிக்கிறார்கள்.

துள்ளுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். சிலப்பதிகார உரையின் அணு 580 நானோமீட்டர், இந்தப் பட்டியலின் அணு 1.1 நானோமீட்டர். ஒரே சொல், 512 மடங்கு வித்தியாசம். நடுவில் மூன்று படி சேர்ந்துகொண்டதுதான் காரணம், எட்டை மூன்று முறை பெருக்கினால் 512. மயமதம் போன்ற வாஸ்து நூல்களில் ஆறு படி, அங்கே பரமாணு 70 நானோமீட்டர் அளவில் வந்து நிற்கும். படி கூடினால் அடிமட்டம் இறங்கும். எதையும் அளக்காமலேயே இறங்கும். எந்த ஏணியும் ஏதாவது ஒரு படியில் எதையாவது தொட்டுத்தான் தீரும்.

கோணும்கூட 11 பிக்கோமீட்டர்தான். புரோட்டான் அதைவிட 6,700 மடங்கு சின்னது.

அப்படியானால் எள், நெல் எல்லாம் பொய்யா?

எட்டு நெல்லைப் பக்கவாட்டில் ஒட்டி அடுக்கி ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நெல்லின் அகலம் 2.3, 2.4 மி.மீ. இருந்தால் 19 மி.மீ.க்குப் பக்கத்தில் வரும், ரகத்துக்கு ரகம் கூடும் குறையும். இந்தப் படி உண்மையிலேயே அளந்து சொன்னது என்று நம்புகிறேன்.

அடுத்த படியில்தான் சிக்கல். ஒரு நெல்லின் அகலத்துக்குள் எட்டு எள் அடங்க வேண்டும் என்றால் ஒரு எள் 0.3 மி.மீ. இருக்க வேண்டும். சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை எள் எடுத்துப் பாருங்கள். நீளம் 3 மி.மீ., அகலம் 2 மி.மீ. அளவு. தட்டையாகப் பார்த்தாலும் கனம் ஒரு மி.மீ.க்கு ஒட்டி இருக்கும். எட்டு எங்கே அடங்கப் போகிறது? நெல்லுக்குக் கீழே வரும் 'எள்' ஒரு விதையின் அளவு இல்லை. எட்டில் ஒரு பங்குக்கு வைத்த பெயர், நம் 'மில்லி', 'மைக்ரோ' மாதிரி. மேலே சொன்ன லோத்தல் கோடும் எகிப்திய கோட்டுப் பிரிவும் நின்ற இடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நெல்லுக்குச் சற்றுக் கீழே அளவை முடிந்து எண்கணிதம் ஆரம்பமாகிறது.

எனக்கு இது குறையாகப் படவில்லை. பார்க்க முடியாததற்குப் பெயர் வைத்து, பெயருக்குப் பெயர் ஒரே விகிதம் வைப்பது பெரிய யோசனை. அதை 'எலக்ட்ரான் நுண்ணோக்கி இருந்தது' என்று சொல்லிக் கெடுக்கிறார்களே என்றுதான் வருத்தம்.

ராஜராஜ சோழன் காலத்தில் 5,242 கோடியில் ஒரு பங்கு நிலம்வரை அளந்தார்களாமே?

தஞ்சைக் கல்வெட்டுகளில் அப்படி ஒரு பின்னம் வருகிறது, ஒரு வேலியில் 52,42,88,00,000ல் ஒரு பங்கு. இது நீளம் இல்லை, பரப்பு. ஆனாலும் எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். வேலியைச் சுமார் 6.6 ஏக்கர், 26,700 சதுர மீட்டர் என்று வைத்தால், அந்தப் பங்கு அரை சதுர மில்லிமீட்டர். பக்கத்துக்கு 0.7 மி.மீ. உள்ள ஒரு புள்ளி. அளந்தவர்கள் வைத்திருந்தது பதினாறு சாண் கோல், மூன்றரை மீட்டருக்கு மேல். அந்தக் கோலால் எள்முனை நிலத்தை அளக்க முடியாது.

பிறகு எப்படி வந்தது? எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: 320 × 320 × 320 × 320 × 5. முந்திரி என்றால் 1/320. அதற்குக் கீழே கீழ்முந்திரி, முந்திரியில் 1/320. இப்படி நாலு தட்டு இறங்கி, அதில் நாலுமா, அதாவது ஐந்தில் ஒன்று. நிலத்தின் பக்கங்களைப் பின்னத்தில் எழுதிப் பெருக்கி, கழிவுகளைக் கழித்துக்கொண்டே போனால் வால் இப்படி நீளும். கணிப்பொறித் தாளில் பதினைந்து இலக்கம் வருவதற்கு இது அண்ணன் முறை. ஒரே வித்தியாசம், கணக்கர் இதைக் கையால் பிசகாமல் போட்டிருக்கிறார்.

யோசனை என்ற பழைய தூர அலகை மட்டும் ஏன் அட்டவணையில் சேர்க்கவில்லை?

ஆரியபட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 96 அங்குலம் ஓர் ஆள் உயரம், 8000 ஆள் உயரம் ஒரு யோசனை, பூமியின் விட்டம் 1050 யோசனை. அங்குலம் 1.9 செ.மீ. என்றால் யோசனை 14.6 கிலோமீட்டர், பூமி 15,300 கிலோமீட்டர். உண்மையான விட்டம் 12,742. 'ஆரியபட்டர் தவறமாட்டார்' என்று ஆரம்பித்தால் அங்குலம் 1.58 செ.மீ. ஆக வேண்டும். அப்புறம் அந்த 1.58ஐ வைத்து 'பாருங்கள், எவ்வளவு துல்லியம்' என்பார்கள். எரடோஸ்தனீஸ் சொன்ன 2,52,000 ஸ்டேடியனுக்கும் இதே வைத்தியம் நடக்கிறது. ஸ்டேடியனை 157.5 மீட்டராகச் சுருக்கினால் பூமியின் சுற்றளவு கச்சிதமாக வந்துவிடும். விடையை வைத்து அலகைச் செய்துவிட்டு, அந்த அலகால் விடையைச் சரிபார்ப்பது கணக்கில் சேராது. கோலோ கட்டடமோ சாட்சி இல்லாத அலகை நான் ஃபெர்மிவரை கொண்டுபோவதில்லை.

துகள் இயற்பியலில் நீளத்தையே ஆற்றலில் சொல்கிறார்களே, அதை எப்படிச் சேர்ப்பது?

ஒரே ஒரு எண் போதும்: 197.3. அலகு, மெகா எலக்ட்ரான் வோல்ட் பெருக்கல் ஃபெர்மி. இதை ஆற்றலால் வகுத்தால் நீளம் ஃபெர்மியில் வரும். ஒரு கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 0.1973 ஃபெர்மி. ஆற்றல் ஏறினால் நீளம் குறையும், இதுதான் முதலில் குழப்பும்.

பிளாங்க் நீளம்?

1.616 × 10⁻³⁵ மீட்டர். அரச முழத்தில் 3.24 × 10³⁴ பிளாங்க் நீளம். மூன்று மாறிலிகளைச் சேர்த்துப் பெருக்கி வகுத்ததில் வந்த எண் இது, யாரும் அளந்தது இல்லை. எள்ளுக்குக் கீழே வந்த இம்மியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுகளை மனத்தில் பதிய வைக்க ஏதாவது வழி?

தங்க அணு ஒன்று தஞ்சைப் பெரிய கோயில் விமானம் அளவுக்கு, 60 மீட்டருக்கு மேல், வளர்ந்துவிட்டது என்று வையுங்கள். அணுக்கரு அதே விகிதத்தில் 3 மி.மீ. ஆகும். நிஜமான எள்.

இன்னொன்று, ஒரு முழம் நூலை எடுத்து நடுவில் வெட்டுங்கள். பாதியை மறுபடி பாதியாக்குங்கள். என் 45.6 செ.மீ. கணக்கில், 32வது வெட்டில் ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவுக்கு வந்துவிடும், 48வது வெட்டில் புரோட்டான். முழத்தை அப்படி வைத்ததால் இவ்வளவு அழகாக விழுகிறது, வேறு ரகசியம் இல்லை. கண்காட்சியில் பிள்ளைகளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். எட்டாவது வெட்டில் நூல் 1.8 மி.மீ. ஆனது. லோத்தல் அளவுகோலின் ஒரு கோட்டு இடைவெளி ஏறத்தாழ அதுதான். ஒன்பதாவதை யாராலும் வெட்ட முடியவில்லை, நூல் பிரிந்து பஞ்சாகிவிட்டது.